பம்பர்ஸ் புண்ணும் நமது பேணுதலும்



வரக்காமுறையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் இம்முறை என் மேசையில் இருக்கிறது. அவருடைய மகனுக்கு ஒரு வயதும் நாலு மாதமும். ஆறு வாரமாகப் பம்பர்ஸ் கட்டுகின்ற இடமெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, சிறுநீர் படும்போதெல்லாம் பிள்ளை துடிதுடித்து அழுகிறானாம். பக்கத்து வீட்டுத் தாத்தா தந்த ஒரு ட்யூப் மருந்தைப் பூசினால் இரண்டு நாளில் மறைந்து விடுகிறது. நிறுத்தினால் நாலாம் நாள் முன்னரைவிடக் கூடுதலாக வந்து விடுகிறது. மாமி மிகவும் பேணுதலானவர். தொழுகை அறைக்குள் பிள்ளை தவழ்ந்து போய் முஸல்லாவில் சிறுநீர் கழித்து விடுவானோ என்ற பயத்தில் ஸுபஹு முதல் இரவு வரை பம்பர்ஸைக் கழற்றுவதே இல்லை. மாற்றும் போதெல்லாம் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் கழுவி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பவுடர் தூவித்தான் அடுத்ததைக் கட்டுகிறார்.

"இதைவிடச் சுத்தமாக ஒரு பிள்ளையை எப்படி வைத்திருப்பது?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் மனம் நோகக் கூடாது. ஆனால் உங்கள் மகனின் புண் ஆறாமல் இருப்பதற்கு அந்த அளவு கடந்த சுத்தமும் ஒரு காரணம். உங்கள் வீட்டில் மட்டுமல்ல, நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே கதைதான்.

முதலில் அந்தத் தோலுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1921ல் அமெரிக்க வைத்தியர் ஒருவர், மலத்தில் உள்ள கிருமிகள் சிறுநீரைப் பிரித்து அமோனியா உண்டாக்குவதால்தான் பிள்ளையின் தோல் வேகிறது என்று எழுதினார். ஈரத் துணியை அவிழ்க்கும்போது மூக்கில் ஏறும் அந்த நெடியைத்தான் சொல்கிறேன். நீண்ட காலம் எல்லோரும் அதையே நம்பினார்கள். 1980களில் நடந்த ஆய்வுகள் விஷயத்தைச் சற்று மாற்றின. அமோனியா நேரடியாகச் சுடுவதை விட, அது தோலின் இயல்பான மெல்லிய புளிப்புத் தன்மையைக் குறைத்து விடுவதே பெரிய கேடு என்று தெரிய வந்தது. அந்தப் புளிப்புக் குறைந்ததும், மலத்தில் உள்ள செரிமான நொதிகள், அதாவது வயிற்றில் சோற்றையும் மீனையும் கரைக்கும் அதே பொருட்கள், பிள்ளையின் தோலையே கரைக்கத் தொடங்குகின்றன. ஈரத்தில் ஊறிய தோல் உராய்வுக்கும் தாங்காது. ஆக ஈரம், உராய்வு, மலம் சிறுநீரோடு சேர்ந்து தங்கும் நேரம் என்று மூன்றும் கூடித்தான் இந்தப் புண். வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்கு ஒரே நாளில் வந்து விடுவதும் இதனால்தான்.

இப்போது சவர்க்காரத்தைப் பாருங்கள். அதுவும் காரத்தன்மை உடையது. அமோனியா செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது. கிருமிநாசினியோ உரிந்த தோலில் பட்டால் எரிக்கும். நம்முடைய விரலில் கத்தி வெட்டிய இடத்தில் அதை ஊற்றிப் பார்த்தால் தெரியும், பிள்ளை ஏன் கழுவும்போது அலறுகிறது என்று.

"அப்படியானால் நஜீஸ் போகாதே!" என்று மாமிமார் கேட்பார்கள். போகும். கிராமவாசி ஒருவர் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்தபோது, தடுக்க எழுந்த தோழர்களை நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். பள்ளிவாசலுக்கே தண்ணீர் போதுமாக இருந்தது! நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலும் அசுத்தத்தின் பொருள் நீங்கிய பின் சுத்தமான தண்ணீர் ஓடினால் போதும். சவர்க்காரமும் கிருமிநாசினியும் மார்க்கம் கேட்பவை அல்ல, நாமாகச் சேர்த்துக் கொண்டவை. நுணுக்கமான சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளலாம்.

ஆகவே வெதுவெதுப்பான தண்ணீரைக் கையால் மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். மலம் ஒட்டியிருந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு எடுங்கள். பின்னர் பழைய மென்மையான சாரத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பயணத்தில் ஈரத்தாள் பாவிப்பதென்றால் வாசனையும் அல்ககோலும் இல்லாததாகப் பாருங்கள்.

பவுடர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1972ல் பிரான்ஸில் மொரான்ஜ் என்ற பெயரில் விற்ற பிள்ளைப் பவுடரில், ஹெக்ஸக்ளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தொழிற்சாலைத் தவறினால் மிக அதிகமாகக் கலந்து விட்டது. தாய்மார் வழமை போலப் பிள்ளைகளின் தொடையிடுக்கில் தூவினார்கள். புண்ணான தோல் வழியே மருந்து உடம்புக்குள் ஏறி மூளையைத் தாக்கியது. 36 பிள்ளைகள் இறந்தார்கள். இன்று கடையில் உள்ள பவுடரில் அது இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. துணிக்குள் மூடி வைத்த உரிந்த தோல் பூசியதையெல்லாம் உள்ளே உறிஞ்சும் என்பதை அந்தத் தாய்மாரின் கண்ணீரிலிருந்து உலகம் படித்துக் கொண்டது. டல்கம் பவுடருக்கு வேறொரு குறையும் உண்டு. தூவும்போது எழும் தூசி பிள்ளையின் சுவாசப்பைக்குப் போகும். அதனால் நன்மை ஒன்றும் இல்லை, விட்டு விடுங்கள்.

மாத்தளைக்காரர்களாகிய நமக்கு இன்னொரு பலவீனம் இருக்கிறது. கராம்பும் சாதிக்காயும் கறுவாவும் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற ஊர். எதற்கும் ஓர் எண்ணெய் நம்மிடம் இருக்கும்! கராம்பு எண்ணெயும் கறுவா எண்ணெயும் பெரியவர்களின் தோலையே பொசுக்கும். சாதிக்காய் இழைத்துப் பூசுவதும் வேண்டாம். வீதியோரத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் போத்தல்கள் பிள்ளையின் தொடையிடுக்குக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அடுத்தது காற்று. இதுதான் மருந்துகளில் முதல் மருந்து, காசும் இல்லை. நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடமாவது பிள்ளை பம்பர்ஸ் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கேதான் தொழுகை அறை குறுக்கே வருகிறது. எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். தொழுகை அறை வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்தோம். முன் மண்டபத்தில் ஒரு மூலையில் ரப்பர் விரிப்பு, அதன் மேல் பழைய சாரம். லுஹர் தொழுது முடித்ததிலிருந்து அஸர் பாங்கு வரை பிள்ளை அந்த மூலையில் விளையாடும், பக்கத்தில் யாராவது ஒருவர் இருப்போம். சிறுநீர் கழித்தால் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் ஊற்றித் துடைத்து, சாரத்தை மாற்றினால் விஷயம் முடிந்தது. முதல் இரண்டு நாள் உம்மும்மா முகத்தைச் சுளித்தார். பிள்ளை அழாமல் தூங்கியதைக் கண்டதும் அவரே சாரங்களைத் தேடி எடுத்துத் தந்தார்.

மற்ற நேரங்களில் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை மாற்றுங்கள். மலம் கழித்தால் அந்தக் கணமே மாற்ற வேண்டும். எந்தக் கம்பனியுடையதானாலும் நாம் 'பம்பர்ஸ்' என்றே சொல்லும் இந்த உறைக்குள் ஈரத்தை உறிஞ்சும் துகள்கள் உண்டு என்பது உண்மை. புண் உள்ள பிள்ளைக்கு அது துணியை விட நல்லது என்றும் சொல்லலாம். ஆனால் விலையை நினைத்து, "இன்னும் பாரமாகவில்லையே" என்று ஒன்றை அரை நாள் வைத்திருந்தால் அந்த நன்மை போய் விடும். வீட்டுச் செலவு இறுகிய குடும்பங்களில் இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் பம்பர்ஸ், பகலில் துணி என்று வைத்துக் கொள்வதே மேல்.

துணி என்றால் மழையை மறக்க முடியாது. நம் மாவட்டத்தின் இரு முனைகளும் இரு வேறு நாடுகள் போல. இறத்தோட்டைப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாளானாலும் துணி காயாது. கலேவெல, தம்புள்ளைப் பக்கம் ஆவணியில் வெயில் கொளுத்தும், கிணற்றில் தண்ணீர் இறங்கி விடும். மழைப் பக்கத்தவர்கள் அரை ஈரத் துணியைக் கட்டாமல், சூடான ஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்தி முழுதாகக் காய வைத்துக் கட்ட வேண்டும். தண்ணீர் குறைந்த பக்கத்தவர்கள் துணி அலசுவதில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. சலவைத் தூள் தங்கிய துணியும் புண்ணைக் கிளறும். தூளைக் குறைத்து, இரண்டு தடவை நன்றாக அலசுங்கள்.

கழுவிக் காய்ந்த தோலில், அடுத்த தடவை சிறுநீர் படாதபடி ஒரு மதில் கட்ட வேண்டும். சிங்க் ஒக்சைட் கலந்த களிம்பு நல்லது, எந்தப் பாமசியிலும் கிடைக்கும். இல்லாவிட்டால் வாசனை சேராத பெற்றோலியம் ஜெலி போதும். ரொட்டிக்கு மாஜரின் தடவுவது போல மெல்லியதாக அல்ல, சுவருக்குச் சுண்ணாம்பு அப்புவது போலத் தடிப்பாகப் பூச வேண்டும். அடுத்த தடவை மாற்றும்போது அழுக்கான மேற்படையை மட்டும் எடுத்து விட்டு, அதன் மேலேயே மறுபடி பூசுங்கள். ஒவ்வொரு தடவையும் அடி வரை சுரண்டினால் புதுத் தோலும் சேர்ந்து வந்து விடும்.

இவ்வளவும் செய்தால் சாதாரணப் புண் மூன்று நாளில் நன்றாகவே தணிந்து விடும், இன்ஷா அல்லாஹ். தணியாவிட்டால் அது சாதாரணப் புண் அல்ல. நல்ல வெளிச்சத்தில் பிள்ளையைப் படுக்க வைத்துத் தொடை மடிப்பை விரித்துப் பாருங்கள். ஈரத்தால் வரும் சிவப்பு மேடான இடங்களில் இருக்கும், மடிப்புக்குள் அவ்வளவாக இராது. மடிப்புக்குள்ளேயே இரத்தச் சிவப்பாக இருந்து, ஓரத்தைச் சுற்றிச் சிறு சிறு சிவந்த புள்ளிகள் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் கென்டிடா என்ற பூஞ்சணம். சளிக்கு அன்டிபயோட்டிக் குடித்த பிறகு வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு வயது வரை பால் கொடுக்கும் தாய்மார்களாகிய நாம் நம்முடைய மார்புக் காம்பிலும் எரிச்சல் உண்டா என்று கவனிக்க வேண்டும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றாக மருந்து செய்யாவிட்டால் அது மாறி மாறித் தொற்றிக் கொண்டே இருக்கும். பூஞ்சணத்துக்குக் குளோட்ரிமஸோல், மைக்கோனஸோல், நிஸ்டட்டின் போன்ற பூசுமருந்துகள் உள்ளன. வைத்தியர் சொன்ன கால அளவு முடியும் வரை, சிவப்பு மறைந்த பிறகும், பூச வேண்டும். முதலில் அதை மெல்லியதாகப் பூசி, அதன் மேல் சிங்க் களிம்பு.

இனி அந்தப் பக்கத்து வீட்டு ட்யூப். சகோதரி அதன் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் சொல்லும் போக்கைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பெரியவர்களின் படர்தாமரைக்கு விற்கும் பல ட்யூப்களில் பூஞ்சண மருந்தோடு பெற்றாமெத்தசோன் போன்ற கடுமையான ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது. ஸ்டீரொயிட் சிவப்பை உடனே அமுக்கி விடும், பூஞ்சணத்தையோ உள்ளே வளர விடும். அதனால்தான் இரண்டு நாளில் மறைந்து, நாலாம் நாள் கூடுதலாக வருகிறது. தொடர்ந்து பூசினால் தோல் கடதாசி போல மெலிந்து கோடு விழும். பம்பர்ஸுக்குள் மூடி வைத்தால் மருந்து இன்னும் அதிகமாக உடம்பில் ஏறி, உடலே சுரக்க வேண்டிய ஹோர்மோனையும் குறைத்து விடும். சில வேளைகளில் வைத்தியர்கள் மிக மெல்லிய ஸ்டீரொயிட்டைச் சில நாட்களுக்குக் கொடுப்பதுண்டு. அது அவர்கள் பார்த்துத் தரும் மருந்து, வீட்டுக்கு வீடு கைமாற்றும் மருந்து அல்ல.

கொப்புளம், சீழ், இரத்தம், காய்ச்சல் இருந்தால் மூன்று நாள் காத்திருக்கவே கூடாது. மலவாசலைச் சுற்றி மட்டும் கோடு கீறினாற் போலச் சிவந்து, வெளிக்குப் போகும்போது பிள்ளை வலியில் அலறினால் அது வேறொரு கிருமியாக இருக்கலாம். அதற்குக் குடிக்கும் மருந்து வேண்டும். வாயைச் சுற்றியும் கை கால்களிலும் புண் சேர்ந்து வந்தால் உடம்பில் நாகச் சத்துக் குறைவா என்றும் வைத்தியர் பார்ப்பார். முட்டையும் மீனும் 'சூடு' என்று சொல்லி மாமி நிறுத்தியிருப்பதாகக் கடிதத்தில் இருக்கிறது. தயவு செய்து திரும்பவும் கொடுங்கள். தோல் வளர அவைதான் வேண்டும். வயிற்றோட்டம் இருக்கும் நாட்களில் பழச்சாற்றை மட்டும் நிறுத்தினால் போதும்.

வரக்காமுறைச் சகோதரிக்கு: ஆறு வாரம் என்பது நீண்ட காலம். இந்த இதழைப் படித்து விட்டு வீட்டிலேயே சோதித்துக் கொண்டிருக்காதீர்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அல்லது மாத்தளை வைத்தியசாலையில் பிள்ளைகளைப் பார்க்கும் வைத்தியரிடம் இந்த வாரமே காட்டுங்கள். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தோடு அந்த ட்யூபையும், காலியாகி இருந்தாலும், கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை மறைக்க வேண்டாம், வைத்தியருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். முடிந்தால் மாமியையும் கூட அழைத்துப் போங்கள். சவர்க்காரத்தை நிறுத்தும்படி நீங்கள் சொல்வதை விட வைத்தியர் சொன்னால் அவர் மனம் ஏற்கும்.

வஸ்ஸலாம்.