படத்தில் நாம், டைம்லைனில் யார்?

போன ஏப்ரல் 14 அன்று என் போனுக்கு வந்த அம்பேத்கர் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு படம், அதன்மேல் எழுத்து, பின்னால் ஒரு பாட்டு. அதே வாரம் எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஆதிக்க சாதி விழா ஒன்றின் வீடியோவும் சுற்றியது. அதில் கொடி அசைந்தது, சிங்கம் திரும்பிப் பார்த்தது, ‘ஆண்ட பரம்பரை’ என்ற எழுத்து தீப்பிடித்து எரிந்தது. செய்தது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பையன். யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டானாம்.

வெறுப்பைப் பரப்ப ஒரு பையன் இரவெல்லாம் உட்கார்ந்து மோஷன் கிராபிக்ஸ் கற்கிறான். நாமோ உண்மையறியும் குழு அறிக்கையை நாற்பது பக்க பிடிஎஃப்பாக அனுப்பிவிட்டு, யாரும் படிக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

இது மந்திர வித்தை அல்ல. ஒரு புகைப்படத்தை எடுத்து, முன்னால் நிற்பவர், நடுவில் இருக்கும் மரம், பின்னால் தெரியும் வானம் என்று தனித்தனி லேயர்களாகப் பிரிக்க வேண்டும். ஆளை வெட்டி எடுத்த இடத்தில் விழும் ஓட்டையை நிரப்ப வேண்டும். லேயர்களை ஒன்றாக இணைத்துவிடாமல் பிஎஸ்டி கோப்பாகச் சேமித்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் கொண்டுவர வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பலர் அதை ஒரே படமாக இறக்கிவிட்டு, எதையும் தனியாக அசைக்க முடியாமல் திகைப்பார்கள். கம்போசிஷனாக இறக்கினால் லேயர்கள் தனித்தனியாகவே வரும். பிறகு தொடக்கத்தில் ஒரு கீஃப்ரேம், முடிவில் ஒரு கீஃப்ரேம். முன்னால் இருப்பது அதிகமாக நகர வேண்டும், பின்னால் இருப்பது குறைவாக. பஸ்ஸில் போகும்போது பக்கத்துக் கம்பம் ஓடுகிறது, தூரத்து மலை நிற்கிறது அல்லவா, அதே கணக்குதான். தட்டையான படத்துக்கு ஆழம் வந்துவிடும்.

இதை நாம் ஏன் கற்க வேண்டும்? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ வெளிவந்தது. அடுத்தவர் பத்திரிகை நம் பேச்சை அச்சிடும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அன்று அச்சு எதுவோ, இன்று அது எடிட்டிங் மேசை.

களப்பணியில் நான் பலமுறை பார்த்த காட்சி ஒன்று உண்டு. ஒரு தொண்டு நிறுவனம் சேரிக்கு வரும். நம் அம்மாக்கள் கேமராமுன் அழுவார்கள். ஃபுட்டேஜ் நகரத்துக்குப் போகும். எந்தக் கண்ணீர் எத்தனை விநாடி இருக்க வேண்டும், எந்த வாக்கியம் வெட்டப்பட வேண்டும் என்று சேரியைப் பார்த்தேயிராத ஒருவர் முடிவு செய்வார். முடிந்த படத்தில் அழுகை இருக்கும், ஊர்ப் பெயரும் செய்தவர்களின் சாதியும் இருக்காது. படத்தில் நாம், டைம்லைனில் வேறொருவர். இதை ‘டெக்னிகல் வேலை’ என்று ஒதுக்குவது தவறு. எது முன்னால் வரும், எது மங்கும் என்று முடிவெடுப்பது அரசியல் வேலை.

பயன் பிரச்சாரத்தோடு நிற்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, எஃப்ஐஆர் போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை. ஆனாலும் ‘விசாரித்துவிட்டுப் போடுகிறோம்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். புலன் விசாரணை நடத்த வேண்டியவர் டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி. நிவாரணத் தொகை கட்டம் கட்டமாக வர வேண்டும், முதல் தவணைக்குத் தீர்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. புகார் மனு ஒரு லேயர், காவல் நிலையம் ஒரு லேயர், கலெக்டர் அலுவலகம் ஒரு லேயர் என்று வரைந்து, மனு எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு நிமிடத்தில் அசைத்துக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிக்கும் அது புரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெட்டிய இடத்து ஓட்டையை நிரப்ப இப்போது ஏஐ வந்துவிட்டது. நம் படங்களில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. 2008இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட உத்தப்புரம் சுவரின் புகைப்படத்தில் பின்னணி வெறும் அலங்காரம் அல்ல, அதுதான் சாட்சி. இல்லாத செங்கல்லை மென்பொருள் கற்பனை செய்து வைத்தால், நாளை எதிர்த்தரப்பு நம் மொத்தப் படத்தையும் பொய் என்று சொல்லும். மூலப்படத்தைத் தொடாமல் தனியே வைத்திருங்கள். நிரப்பியிருந்தால் திரையிலேயே சொல்லுங்கள். இறந்தவரின் முகத்தைச் சிமிட்ட வைக்காதீர்கள், அவர் தாய் அதைப் பார்ப்பார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம்.

மென்பொருளுக்குக் காசு எங்கே என்பீர்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குச் சந்தா கட்ட வேண்டும், உண்மைதான். அதற்காகக் கிராக் செய்த பிரதியைப் போடாதீர்கள். பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்கள் இருக்கும் அதே லேப்டாப்பில் வைரஸை அழைத்துவந்து உட்கார வைப்பீர்களா? லேயர் பிரிக்க ஜிம்ப், கிருதா, அசைக்க பிளெண்டர், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு என்று காசில்லாமலே நிறையச் செய்யலாம். உண்மையான தடை காசைவிட நேரமும் நல்ல கணினியும்தான். அம்பேத்கர் மன்றங்களும் இரவுப் பாடசாலைகளும் அடுத்த நன்கொடையில் ஃபிளெக்ஸ் பேனரைக் குறைத்து ஒரு கணினி வாங்கட்டும். முதல் நாற்காலி பெண் பிள்ளைகளுக்கு.

பெரிய படத்தில் தொடங்காதீர்கள். உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டியின் ஸ்டூடியோ புகைப்படம் ஒன்று இருக்கலாம். நம் வீடுகளில் பழைய படங்கள் குறைவு, அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம். அவர்களிடம் அனுமதி கேளுங்கள், படம் எடுத்த நாளைப் பற்றிப் பேசச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு மூன்று லேயர், பத்து விநாடி. முதல் பார்வையாளர் அவர்களாக இருக்கட்டும். எது சரியில்லை என்று அவர்களே சொல்வார்கள்.

ஜெய்பீம்.