பெயரில்லா இசையின் விலை

இணைய விளையாட்டில் மூழ்கியிருக்கும் ஒரு சிறுவனிடம், பின்னணியில் ஒலிக்கும் இசையை அமைத்தவர் யார் என்று கேட்டால் விடை கிடைக்காது. பல வேளைகளில், அந்த விளையாட்டை உருவாக்கியவருக்கே அது தெரிந்திருக்காது. காரணம், அந்த இசை அந்த விளையாட்டுக்காக இயற்றப்பட்டதே அல்ல. ஆயத்த ஆடையைப் போல முன்கூட்டியே இயற்றி, "மகிழ்ச்சி", "பரபரப்பு", "திகில்" என வகை பிரித்து அடுக்கி வைக்கப்பட்ட ஆயத்த இசை அது. கட்டணம் செலுத்தி உரிமம் பெறும் எவரும் அதைப் பயன்படுத்தலாம்.

இந்த வணிகம் புதியதன்று. லண்டனில் 1909-இல் தொடங்கப்பட்ட டி வொல்ஃப் நிறுவனம், மௌனப் படங்களுக்கான இசையை வழங்கித்தான் வளர்ந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் "மண்டே நைட் ஃபுட்பால்" நிகழ்ச்சியின் புகழ்பெற்ற முகப்பு இசை, ஜானி பியர்சன் என்ற ஆங்கிலேயர் கேபிஎம் நிறுவனத்தின் ஆயத்த இசைத் தொகுப்புக்காக இயற்றியதே.

தொலைக்காட்சியில் இத்தகைய இசையை அமைத்தவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. எந்த நிகழ்ச்சியில் எந்த இசை எவ்வளவு நேரம் ஒலித்தது என்ற பட்டியல் பதிப்புரிமைச் சங்கங்களுக்கு அளிக்கப்படும். அதன் அடிப்படையில், ஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ராயல்டி சேரும். பெயர் திரையில் வராவிட்டாலும் பணம் வந்துகொண்டிருந்தது.

இணைய விளையாட்டு இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டது. ஒருவர் தம் வீட்டுக் கணினியில் விளையாடும்போது ஒலிக்கும் இசைக்கு, ஒவ்வொரு முறையும் ராயல்டி வழங்கும் நடைமுறை பொதுவாக இல்லை. ஒருமுறை கட்டணம் செலுத்தினால் போதும்; நூறு பேர் கேட்டாலும் பத்துக் கோடிப் பேர் கேட்டாலும் தொகை மாறாது. "ராயல்டி இல்லாத இசை" என்று விளம்பரப்படுத்தப்படுவதன் பொருளும் இதுதான். வாங்குபவருக்கு அது சலுகை. விற்கும் படைப்பாளிக்கோ எதிர்கால வருவாயைக் கைகழுவும் ஒப்பந்தம்.

ரோப்லாக்ஸ் தளத்தின் அனுபவம் இதற்குச் சரியான சான்று. 2006-இல் தொடங்கப்பட்ட இந்த அமெரிக்கத் தளத்தில் விளையாட்டுகளை உருவாக்குவோர் அதன் பயனாளர்களே. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 2024-இன் கடைசிக் காலாண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 8.5 கோடிப் பேர் இத்தளத்தைப் பயன்படுத்தினர். பயனாளர்கள் புகழ்பெற்ற பாடல்களை அனுமதியின்றிப் பதிவேற்றியதைச் சுட்டிக்காட்டி, 2021 ஜூனில் அமெரிக்க இசைப் பதிப்பாளர்கள் 20 கோடி டாலர் இழப்பீடு கோரினர். சில மாதங்களில் சமரசம் ஏற்பட்டது. 2022 மார்ச்சில், ஆறு விநாடிகளுக்கு மேற்பட்ட ஒலிக்கோப்புகளைப் பிறர் பயன்படுத்த முடியாதவாறு தளம் முடக்கியது. எண்ணற்ற விளையாட்டுகள் ஒரே நாளில் ஊமையாயின. அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வைக்கப்பட்டது, தளமே உரிமம் பெற்று வழங்கிய ஆயத்த இசை.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. கையில் காசில்லாத பதினாறு வயது இளைஞர் தம் விளையாட்டுக்கு இசையமைப்பாளரை அமர்த்த முடியாது. சட்டச் சிக்கலற்ற இசை இலவசமாகக் கிடைப்பது அவருக்கு வரம். ஆனால், உரிமையை நிலைநாட்ட எழுந்த வழக்கின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. பதிப்பு நிறுவனங்கள் உடன்பாடு கண்டன. தளம் பாதுகாப்புப் பெற்றது. கோடிக்கணக்கானோர் கேட்கும் இசையை அமைத்தவர் மட்டும் அந்தப் பேச்சில் இடம்பெறவே இல்லை.

பெயருக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதையும் அதே தளம் காட்டியது. அங்கே பாத்திரங்கள் வீழும்போது எழுந்த "ஊஃப்" என்ற ஓசை, 2000-இல் வெளியான "மெசையா" என்ற விளையாட்டிலிருந்து வந்தது. அதற்கு உரிமை கோர ஒருவர் இருந்ததால், ஒரு விநாடிகூட நீளாத அந்த ஓசையை 2022 ஜூலையில் தளம் நீக்க நேர்ந்தது. மணிக்கணக்கில் ஒலிக்கும் பின்னணி இசையை அமைத்தோருக்கு அந்த வலிமை இல்லை.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் கெவின் மெக்லௌட் தம் படைப்புகளை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வழங்கினார். அவர் விதித்த நிபந்தனை, தம் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதே. அந்தப் பெயர்தான் அவரை உலகறியச் செய்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு இந்தச் சிக்கலை மேலும் கூர்மையாக்கியிருக்கிறது. சொற்களில் கேட்டவுடன் இசையை உருவாக்கித் தரும் சூனோ, யுடியோ நிறுவனங்கள் மீது பெரும் இசைத்தட்டு நிறுவனங்கள் 2024 ஜூனில் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. "பரபரப்பான இரண்டு நிமிட இசை" என்பது எந்திரம் எளிதில் நிரப்பக்கூடிய தேவை. எனவே, முதலில் வேலை இழக்கும் அபாயத்தில் இருப்போர் நட்சத்திர இசையமைப்பாளர்கள் அல்லர். பெயர் தெரியாத இந்த ஆயத்த இசைக் கலைஞர்களே.

இந்தியச் சட்டம் இதில் ஓரளவு முன்னோடியாக உள்ளது. திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் இடம்பெறும் இசைக்கான ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை, ஒப்பந்தத்தின் பேரில் நிறுவனங்களிடம் படைப்பாளி விட்டுக்கொடுக்க முடியாது என்று 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் கூறுகிறது. பதிப்புரிமையை விற்ற பின்னரும், படைப்பு தம்முடையதே என்று உரிமை கோர 57-ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஆனால், இந்த விதிகள் எழுதப்பட்டபோது திரைப்படமும் இசைத்தட்டுமே கருத்தில் இருந்தன. இணைய விளையாட்டு அவற்றில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். விளையாட்டில் ஒலிக்கும் இசையின் பட்டியலையும் இயற்றியவர் பெயரையும் வெளியிடுவதைத் தளங்களின் கடமையாக்க வேண்டும். பயன்பாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கூடுதல் தொகை வழங்கும் முறையை உரிம ஒப்பந்தங்களில் சேர்க்க வேண்டும். எந்த விளையாட்டை எத்தனை பேர் எத்தனை நிமிடங்கள் ஆடினர் என்பதை நொடிதோறும் கணக்கிடும் தளங்களுக்கு, எந்த இசை எத்தனை முறை ஒலித்தது என்று கணக்கிடுவது கடினமான செயலன்று.