கடன் இல்லாமல் கடல் கடப்போம்

வெளிநாட்டுப் பயணம் என்பது ஒரு காலத்தில் மிராசுதார்களுக்கும் மில் முதலாளிகளுக்கும் மட்டுமே உரிய காரியமாக இருந்தது. ஊரில் ஒருவர் சீமைக்குப் போய்த் திரும்பினால், மாலையும் கையுமாகப் பத்துப் பேர் ரயில் நிலையத்துக்குப் போவார்கள்.

இன்று மாலை போடுவார் இல்லை. ஏனென்றால், போகிறவர்கள் அத்தனை பேர்!

மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையில் இருக்கிறது கோச்சடை. நெல் வயலும் தென்னந்தோப்புமாக இருந்த கிராமம். முத்தையா கோவிலின் பெரிய குதிரைச் சிலைகள் ஊருக்கு அடையாளம். இப்போது அது மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. மேலக்கால் சாலையில் மாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன. இங்கே பலசரக்குக் கடைக்காரர் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் வருகிறார். பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளுக்கு மே மாத லீவு விட்டதும் பாங்காக்குக்குப் பெட்டி கட்டுகிறார்.

மகிழ்ச்சிதான். நாலு ஊர் பார்த்தால் பிள்ளைகளுக்கு அறிவு வளரும். பயம் தெளியும். பிற மனிதர்மீது மதிப்பு வரும்.

ஆனால், இந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. பலர் சொந்தப் பணத்தில் போகவில்லை. கடன் வாங்கிக்கொண்டு போகிறார்கள்!

இரண்டு வட்டிச் சுற்றுலா

"இப்போது போங்கள், பணத்தை மெதுவாகக் கட்டுங்கள்" என்று விளம்பரம் கூப்பிடுகிறது. "அடுத்த வீட்டுக்காரர் போய் வந்துவிட்டார், நாம் எப்போது?" என்று பிள்ளை கேட்கிறான். அப்பா என்ன செய்வார்? தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்குக் கை நீட்டுகிறார்.

கணக்கைப் பார்ப்போம்.

ஒன்றரை லட்ச ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 3,000 ரூபாய் வட்டி மட்டும் போகிறது. ஓராண்டில் 36,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கிறது!

ஐந்து நாள் கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டதற்கு, ஆண்டு முழுவதும் வட்டி. அந்த 36,000 ரூபாய் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாக இருந்திருக்கும். அல்லது வீட்டுக்காரிக்கு ஒரு தையல் இயந்திரமாக இருந்திருக்கும்.

கடல் கடந்தும் பொருள் தேடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். கடன் வாங்கிக்கொண்டு கடலைப் பார்க்கச் சொன்னவர் யாரும் இல்லை.

"அப்படியானால் சாதாரணக் குடும்பம் வீட்டை விட்டு நகரவே கூடாதா?" என்று கேட்பீர்கள்.

தாராளமாகப் போகலாம்! போக வேண்டும்! சேர்த்து வைத்துப் போக வேண்டும். முதல் பயணத்துக்குப் பக்கத்து நாடே போதும்.

சீட்டுப் பணத்தில் சீமை

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். மாதம் 5,000 ரூபாய் வீதம் 24 மாதம் தனியாகச் சேர்த்தோம். மொத்தம் 1,20,000 ரூபாய். அந்த இரண்டு ஆண்டும் ஓட்டல் சாப்பாட்டைக் குறைத்தோம். தீபாவளிக்கு ஆளுக்கு ஓர் உடையோடு நிறுத்திக்கொண்டோம். பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை. சேர்ந்த தொகையைச் சுவரில் மாட்டிய காலண்டரில் மாதா மாதம் எழுதியவர்களே அவர்கள்தான்!

"எங்கே போகலாம்?" என்று கேள்வி வந்தது. இலங்கைக்கு என்று முடிவாயிற்று.

மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012-ம் ஆண்டு விமானம் பறக்கத் தொடங்கியது. வானத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். வைகை எக்ஸ்பிரசில் சென்னைக்குப் போகிறவர் திண்டுக்கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள், இவர் கொழும்பில் இறங்கிவிடுவார்! நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. ஆனால் அங்கே விலைவாசியும் ஏறித்தான் இருக்கிறது. பை நிறைய நோட்டு இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

அம்மாவுக்கு லீவு எப்போது?

பயணம் என்றதும் எல்லா வீட்டிலும் ஒரு குரல் கேட்கும்.

"எனக்கு எதுக்குப்பா வீண் செலவு? நான் வீட்டைப் பாத்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க!"

எங்கள் வீட்டிலும் கேட்டது. ஒரு டிக்கெட் மிச்சம் என்று பல குடும்பங்கள் அந்தக் குரலுக்குச் சம்மதித்துவிடுகின்றன. இதைவிட நஷ்டமான சிக்கனம் வேறு இல்லை. வாழ்நாள் முழுவதும் பிறருக்காகச் சேமித்தவள் அவள். அந்தச் சேமிப்பில் ஊர் பார்க்க முதல் உரிமை அவளுக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. சிலர் ஸ்டவ்வையும் அரிசியையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். தங்கும் இடத்திலும் வீட்டுக்காரியே சமைக்கிறாள். ஆண்கள் கடற்கரையில் உலாவுகிறார்கள். அவளுக்கு அது சுற்றுலாவா? அடுப்படி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்! முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். மறுநாள் முதல் அவள் கையில் கரண்டி இருக்க வேண்டாம். சின்னச் சாப்பாட்டுக் கடையில் சோறும் பருப்பும் சொதியும் கிடைக்கும். வயிறும் நிறையும், பையும் தாங்கும்.

எங்கள் அம்மா கடைசியில் ஒரு காரணத்துக்காகவே சம்மதித்தார்.

"எங்க பெரியப்பாரு கண்டிச் சீமைக்குப் போனவரு. திரும்பி வரவே இல்ல. அந்த மண்ணை ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

தேயிலைத் தூரில் ஒரு கேள்வி

நுவரெலியா மலையில் எல்லோரும் தேயிலைத் தோட்டத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் அழகாகத்தான் இருக்கிறது. அம்மா படம் எடுத்துக்கொள்ளவில்லை. கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனார்.

"எந்த ஊரு தாயி?" என்று கேட்டார்.

"இங்கேதாம்மா பிறந்தேன். எங்க தாத்தாவுக்குத் தாத்தா மதுரைப் பக்கம்னு சொல்லுவாங்க. ஊர்ப் பேரு தெரியாது" என்றாள் அவள்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். பேச்சு வரவில்லை.

அன்று இரவு என் மகள் கேட்டாள்: "அப்பா, அவங்க நம்ம ஊர் ஆளுன்னா, ஏன் இங்கே இருக்காங்க?"

பாடப் புத்தகம் பத்து ஆண்டில் எழுப்பாத கேள்வி, ஒரு பயணத்தில் பிறந்துவிட்டது! இதற்காகத்தான் குழந்தைகளை அழைத்துப் போக வேண்டும்.

மூட்டையோடு போனவர்கள்

அந்தக் கேள்விக்கு உரிய பதிலை நாமும் தெரிந்துகொள்வோம்.

19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் இலங்கை மலைகளில் காப்பி பயிரிட்டார்கள். நோய் வந்து காப்பிச் செடிகள் அழிந்த பிறகு தேயிலை நட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து, பஞ்சத்தால் வாடிய மக்களைக் கங்காணிகள் அழைத்துப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் வந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்! மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. தொற்று நோய் இல்லை என்று தெரியும் வரை தொழிலாளர்களை அங்கே நிறுத்தி வைத்தார்கள். இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு 'மண்டபம் கேம்ப்' என்றே பெயர்.

இலங்கை 1948-ல் சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டத்தால், மலையில் உழைத்த மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவாயிற்று. சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை!

இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ரயிலும் போயிற்று. அதன் பின் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. ஒப்பந்தப்படி திரும்பி வந்த குடும்பங்கள் அதில்தான் வந்து இறங்கின. 1980-களில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

நம் வீட்டுத் தேநீருக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது. நாம் கேமராவோடு போகும் மலைக்கு, நம் முன்னோர் மூட்டையோடு போனார்கள். இதை அறியாமல் படம் மட்டும் எடுத்துத் திரும்பினால், பாதிப் பயணம்தான் போனதாகும்.

மதுரைக்கும் இலங்கைக்கும் சம்பந்தம்

சோகக் கதை மட்டும் இல்லை. சம்பந்திக் கதையும் உண்டு.

இலங்கையின் முதல் மன்னன் விஜயன், மதுரைப் பாண்டியன் மகளை மணந்ததாக மகாவம்சம் சொல்கிறது. கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் உறவில் பெண் எடுத்தார்கள். 1739-ல் அந்த உறவினரே சிம்மாசனம் ஏறினார்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரர்கள் 1815-ல் பிடித்து, வேலூர்க் கோட்டையில் சிறை வைத்தார்கள். 1832-ல் அவர் அங்கேயே காலமானார்.

கோச்சடைப் பிள்ளைகளுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சான்று இருக்கிறது. மேலக்கால் சாலையில் இப்போது ஓட்டலாக இருக்கும் பழைய மதுரா கிளப்பை 1970-களில் வடிவமைத்தவர், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. கோட்டேயில் ஏரி நடுவே நிற்கும் இலங்கைப் பாராளுமன்றமும் அவர் கைவண்ணமே. "நம்ம ஊர்ல கட்டினவரா இதையும் கட்டினாரு?" என்று பிள்ளை வாய் பிளப்பதைப் பார்க்க, ஒரு டிக்கெட் வாங்கலாம்!

புறப்படும் முன்

முதலில் பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். சிறுவர்களுக்கு 1,000 ரூபாய். புதிதாக எடுக்கும்போது 60 வயது கடந்தவர்களுக்கும் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பத்தில் ஒரு பங்கு குறையும். அரசாங்க இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். தரகருக்குத் தண்டம் அழ வேண்டாம்.

இரண்டாவது, விசா. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. சென்ற ஆண்டு போனவர் சொன்னதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். அந்த நாட்டு அரசாங்கத்தின் அறிவிப்பை டிக்கெட் வாங்குவதற்கு முன் பாருங்கள்.

மூன்றாவது, தங்கும் செலவு. பெரிய ஓட்டல் வேண்டாம். குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் சுத்தமாக இருக்கின்றன. ஊர் விட்டு ஊர் போக பஸ்ஸும் ரயிலும் உண்டு. 2025 நவம்பர் புயலில் மலை ரயில் பாதைகள் சேதமடைந்தன. எந்தப் பாதையில் ரயில் ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். சீகிரியா போன்ற இடங்களில் வெளிநாட்டாருக்குத் தனிக் கட்டணம். அதையும் முன்பே கணக்கில் சேருங்கள்.

நான்காவது, பத்தில் ஒரு பங்குப் பணத்தைத் தொடாமல் வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்நிய ஊரில் யாரிடம் கை நீட்டுவது?

கப்பல் வேண்டும்

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ல் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் மழைக் காலம் வந்து நின்றது. 2024 ஆகஸ்டு 16-ல் மறுபடி தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மக்களுக்கு இராமேஸ்வரமே பக்கம். பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. தலைமன்னாருக்கும் ரயில் பாதை இருக்கிறது. நடுவே கப்பல்தான் இல்லை. இரண்டு அரசாங்கங்களும் மனம் வைத்து அந்தக் கப்பலை விட்டால், விமானக் கட்டணம் கட்ட முடியாத குடும்பமும் அக்கரை போகும். அறுந்துபோன உறவுகளும் ஒட்டும்.

கப்பல் வரும்போது வரட்டும். நம் வேலையை நாம் தொடங்கலாம். இந்த மாதச் சம்பளத்தில் ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். காலண்டரில் எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வீட்டுக்குக் காவலாக ஒரு பூட்டு வாங்கிவிட்டு, டிக்கெட் எடுக்கும்போது முதல் பெயராக அம்மாவின் பெயரை எழுதுங்கள்!