முதல் அமர்வுக்கு முன் கேட்கத்தக்க கேள்விகள்

தமிழில் ‘கவுன்சிலிங்’ என்றதும் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வே பலருக்கு நினைவுக்கு வருகிறது. ‘உளவியல் ஆலோசனை’ என்ற தொடரோ, எதிரில் இருப்பவர் அறிவுரை வழங்குவார் என்ற எதிர்பார்ப்பை ஏற்படுத்துகிறது. விக்ரோலியில் தனியார் சிகிச்சையாளரை நாடும் தமிழ் மாணவர் இச்சொற்குழப்பத்தோடுதான் படியேறுகிறார்.

பெயர்ப்பலகையும் தெளிவு தருவதில்லை. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘கவுன்சிலர்’ என்ற பெயரையோ குறுகிய காலப் பயிற்சி பெற்றோரும் சூடிக்கொள்கின்றனர். ஆகவே பட்டத்தையும் பதிவெண்ணையும் கேட்பது அவமதிப்பன்று. கட்டணம், தவறிய அமர்வுக்கான விதி ஆகியவற்றையும் முன்னரே கேட்டறிதல் நன்று.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியக் காப்பை உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகளும் அதில் உண்டு. கட்டணத்தைப் பெற்றோர் செலுத்தினால் அவர்களுக்கு என்ன தெரிவிக்கப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது மொழி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், வகுப்பில் ஆங்கிலம் என வாழ்பவர், அழுகையை எம்மொழியில் சொல்வார்? ‘மனசு கனக்குது’ என்பதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்லும்போதே பாதி வலி விடுபட்டுவிடுகிறது. தமிழறிந்த சிகிச்சையாளர் அருகில் இல்லையெனில், இணையவழித் தேடலாம். கட்டணம் இயலாதெனில், 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். தகுதியைப் போலவே மொழியையும் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமையாகக் கருதப்பட வேண்டும்.