கடனாளி கடல் கடந்து தொண்டு செய்யலாமா?

ஆஸ்திரேலியாவில் ஒரு செவிலியர், கிரெடிட் கார்டு பாக்கியும் தனிநபர் கடனும் கைமீறிப்போய், சட்டப்படி திவாலானவராகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலை பொதுவாக 3 ஆண்டுகளும் ஒரு நாளும் நீடிக்கும். இடையில், திமோர் லெஸ்தேயில் உள்ள மருத்துவமனை ஒன்றில் ஓராண்டு தன்னார்வலராகப் பணியாற்ற அழைப்பு வருகிறது. அவர் போகலாமா?

“வாங்கிய கடனையே அடைக்கவில்லை, வெளிநாட்டில் சேவை ஒரு கேடா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நம் ஊரிலும் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியூர் போனவரை, ஓடிப்போனவர் என்றே பேசுவார்கள். ஆஸ்திரேலியச் சட்டத்திலும் அந்தச் சந்தேகம் உண்டு. திவால் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறுவது குற்றம். ஆனால், அதே சட்டம் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான், தாண்டிய தொகையில் பாதியைக் கடனுக்காகக் கேட்கிறது. வரம்புக்குக் கீழே சம்பாதிக்கும் செவிலியர் உள்ளூரில் இருந்தாலும் சம்பளத்திலிருந்து எதையும் கட்டப்போவதில்லை. அவர் திமோருக்குப் போவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜெர்மனி சரியான கேள்வியைக் கேட்கிறது. 2020 அக்டோபர் முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அங்கே 3 ஆண்டுகளில் மிச்சக் கடனிலிருந்து விடுதலை கிடைக்கிறது. அதுவரை தகுதிக்கேற்ற வேலை பார்க்க வேண்டும். இல்லையென்றால் தேட வேண்டும். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, கைச்செலவுத் தொகைக்குத் தொண்டு செய்யப் போகும் பொறியாளர் மீது கடன் கொடுத்தவர் முறையிட்டால், விடுதலையே கைநழுவலாம். கடுமையானதுதான், ஆனாலும், பயணத்தைப் பார்க்காமல் இழப்பைப் பார்ப்பதால் இதுவே எனக்கு நியாயமாகப் படுகிறது.

அமெரிக்கா ஒரு விஷயத்தில் இன்னும் முன்னே போயிருக்கிறது. 1961இல் கென்னடி தொடங்கிய பீஸ் கோர் அமைப்பின் தன்னார்வலர்கள் வழக்கமாக 27 மாதங்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். 2007இல் வந்த சட்டத்தின்படி, பொதுச்சேவைப் பணியில் இருந்துகொண்டு 120 மாதத் தவணைகளைக் கட்டியவருக்கு மத்திய அரசின் கல்விக் கடன் பாக்கி தள்ளுபடியாகும். பீஸ் கோர் பணியும் அதில் சேரும். தவணையோ வருமானத்துக்கு ஏற்பக் குறையும். சிலருக்குப் பூஜ்யம்கூட ஆகியிருக்கிறது, அந்த மாதங்களும் கணக்கில் சேர்ந்தன. தொண்டே கடனை அடைக்கும் வழியாகிறது.

இதை எல்லாக் கடன்களுக்கும் நீட்டிக்க முடியுமா? முடியாது. அங்கே கடன் கொடுத்ததும் அரசு, தன்னார்வலரை அனுப்புவதும் அரசு. தனக்கு வர வேண்டியதை அது விட்டுக்கொடுக்கலாம். சீட்டுப் பணத்தைக் கடனாகக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. அவர் பணத்தில் இன்னொருவர் தர்மம் செய்யக் கூடாது. ஆகவே, தொண்டால் உண்மையிலேயே வருமானம் குறைந்தால் அந்த ஓராண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். விடுதலையும் ஓராண்டு தள்ளிப்போகட்டும். போகவே கூடாது என்பதற்கு மட்டும் நியாயம் இல்லை.

இந்தியாவில் இதை இப்போதே பேச வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் ஏழைகளுக்கான ‘புதிய தொடக்கம்’ என்ற வழி உண்டு: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய், சொத்து 20,000, கடன் 35,000 ஆகியவற்றைத் தாண்டாதவர்களுக்கு. சாதாரணத் தனிநபர்களுக்கு அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால், கடன் வசூல் நிறுத்திவைக்கப்படும் 180 நாட்களில் தீர்ப்பாய அனுமதியின்றி வெளிநாடு போகக் கூடாது என்ற தடை மட்டும் எழுதப்பட்டுவிட்டது. 35,000 ரூபாய் கடனாளி தொண்டுக்காகப் போவது அபூர்வம். வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போவதுதான் வழக்கம். தடை இருவரையும் சேர்த்தே நிறுத்தும். அனுமதி தர வேண்டிய கடன் மீட்புத் தீர்ப்பாயங்களோ தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரையில்தான் இருக்கின்றன. ராமநாதபுரத்துக் கொத்தனார் ஒருவர் விசா காலாவதியாகும் முன் மதுரைக்கு எத்தனை முறை அலைவார்? இந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவரும் முன்பே, கடன் கொடுத்தவருக்கு இழப்பு என்று காட்ட முடியாத எந்தப் பயணத்தையும் மறுக்கக் கூடாது, விண்ணப்பித்த 15 நாட்களில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு திருத்தம் கொண்டுவர வேண்டும்.