9ஏ பேனரில் அச்சடிக்காத கணக்கு



ரிசல்ட் வந்தால் போதும், கிண்ணியாவிலும் மூதூரிலும் டவுனிலும் சந்திக்குச் சந்தி பேனர். பிள்ளையின் படம் மூலையில், அனுசரணையாளரின் படம் நடுவில். கீழே 'விடாமுயற்சியின் வெற்றி'. பாடுபட்டுப் படித்த பிள்ளையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே பேனரில் டியூசன் காசுக் கணக்கையும் சேர்த்து அடித்தால்தான் ஊருக்கு உண்மை தெரியும்.

கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டு வந்தார். அவரே புலமைப்பரிசில் கிடைத்துத்தான் காலி ரிச்மண்ட் கல்லூரியில் படித்தவர். இன்றைக்கு ஸ்கூல் கேட் மட்டும்தான் இலவசம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு எடுத்த பிள்ளைக்கு மூன்று பாடம். ஒவ்வொன்றுக்கும் தியரி கிளாஸ், ரிவிஷன் கிளாஸ், பேப்பர் கிளாஸ், டியூட், அதோடு சூமுக்கு டேட்டா. கடலுக்குப் போகும் வாப்பா இதை எந்த மாதத்து மீனில் கட்டுவார்? வாடைக் காற்றில் தோணி கரையில் கிடக்கும். டியூசன் கட்டணம் அப்படிக் கிடக்காது.

'நமக்குத்தான் மாவட்டக் கோட்டா இருக்கே சேர்' என்பார்கள். இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் திருகோணமலையும் ஒன்று. நல்ல ஏற்பாடு, அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அது கொழும்புக்கும் நமக்கும் இடையில் உள்ள இடைவெளியைத்தான் பார்க்கிறது. இங்கே படித்துக்கொண்டு, வெள்ளி இரவு பஸ் ஏறி, வெளியூரில் இரண்டு நாள் கிளாஸ் முடித்து வரும் முதலாளியின் மகனும் திருகோணமலைதான். சனி, ஞாயிறில் வாடியில் மீன் பிரிக்கும் பிள்ளையும் திருகோணமலைதான். இஸட் புள்ளிக்கு இரண்டு பேரும் ஒன்று.

'ஏழைப் பிள்ளையும் டொக்டர் ஆகியிருக்கே!' ஆமாம், ஆகியிருக்கு. அதை விரல் விட்டு எண்ணிச் சொல்கிறோம் அல்லவா? கடைக்காரர் மகன் டொக்டரானால் யாரும் அப்படி எண்ணுவதில்லை.

2021 நவம்பர் 23, குறிஞ்சாக்கேணி. பாலத்து வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்கூலுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் ஏறிய படகுப் பாதை கவிழ்ந்தது. ஊரே அழுதது. முயற்சி பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஜனாஸாக்களையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். வகுப்பறைக்குப் போய்ச் சேருவதற்கே அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்தார்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் நம் கையில் இருப்பது? ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் முதலில் வருபவர்களே ஏழைகளும் வறியவர்களும். நாங்களோ நோன்பு மாதத்தில் அரிசிப் பொதி கொடுத்துப் படம் போட்டு முடித்துவிடுகிறோம். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு, கட்டணத்துக்குப் பயந்து விஞ்ஞானத்தை விட்டுக் கலைப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். கலைப் பிரிவு குறைந்தது என்று சொல்லவில்லை. அதைப் பிள்ளை விரும்பித் தெரிய வேண்டும், உம்மாவின் அடகுச் சீட்டைப் பார்த்துத் தெரியக் கூடாது.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஸகாத் கமிட்டிக்கும் கேட்பது இவ்வளவுதான். இம்முறை கௌரவிப்பு விழா வேண்டாம். பேனர், மேடை, ஷீல்ட், பிரியாணிச் செலவை எடுத்து, இரண்டு வருடத்துக்குக் கிளாஸ் கட்டணமும் பஸ் காசும் கட்டுங்கள். பெயர் வெளியே வர வேண்டாம், படமும் வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு என்று வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும், எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். விழாவுக்குத் திகதி குறிக்கும் முன்பே கேளுங்கள்.