நிற்கத் தெரிந்த ஊர்தி

நுழையும்முன்

தாமே நகரும் இயந்திரங்கள் நம் வாழ்விடங்களுக்குள் நுழையத் தொடங்கியுள்ளன. அவை வழியறிந்து செல்வது எவ்வாறு? முடிவெடுக்கும் உரிமையை அவற்றிடம் எந்த அளவுக்கு ஒப்படைக்கலாம்? நிலவில் உருண்ட ஓர் ஊர்தியைச் சான்றாகக்கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. பேருந்து ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் இவ்வழியைக் கடக்க, சந்திரயான்-3 திட்டத்தின் பிரக்யான் ஊர்திக்கு இரவுபகல் ஓயாது ஓடினாலும் 46 நாள்கள் தேவைப்படும். அதன் வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர் மட்டுமே. ஆயினும், 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியை அடைந்த அத்திட்டத்தை உலகமே வியந்து நோக்கியது. திட்ட இயக்குநரான ப. வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பிறந்து, அங்குள்ள இரயில்வே பள்ளியிலும் பின்னர்ப் பாலிடெக்னிக்கிலும் பயின்றவர். விரைவையே திறன் என்று கருதும் நமக்கு, மெல்ல ஊர்ந்த அந்த ஊர்தி கற்பிப்பது மிகுதி.

வழியறியும் முறை

நகரும் இயந்திரம் எதுவாயினும் அதன்முன் மூன்று வினாக்கள் நிற்கின்றன: நான் எங்கிருக்கிறேன்? என்னைச் சுற்றி என்ன இருக்கிறது? எவ்வழியே செல்வது? சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிக் கடந்த தொலைவைக் கணக்கிடலாம். ஆனால், புழுதியில் சக்கரம் வழுக்கினால் அக்கணக்குப் பொய்த்துவிடும். ஆகவே, இயந்திரத்திற்குக் கண்களும் வேண்டும். பிரக்யானின் முன்புறத்தில் இரண்டு வழிகாட்டும் கேமராக்கள் இருந்தன. நம் இரு கண்களைப் போலவே, ஒரே காட்சியைச் சற்றே விலகிய இரு கோணங்களில் அவை படம்பிடித்தன. அப்படங்களைக்கொண்டு மேடுபள்ளங்களைக் காட்டும் நிலப்படம் ஒன்றைப் புவியிலிருந்த அறிவியலாளர்கள் உருவாக்கினர். ஒரு நிலப்படம் 5 மீட்டர் தொலைவு வரையே காட்டும். அதனால், ஒரு கட்டளைக்கு ஊர்தி அதற்குமேல் நகரவில்லை. 

ஆகஸ்டு 27 அன்று, 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று 3 மீட்டர் தொலைவில் எதிர்ப்பட்டது. வந்த வழியே திரும்புமாறு ஊர்திக்கு ஆணையிடப்பட்டது. அது திரும்பி, வேறு வழியில் சென்றது. இவ்வாறு, உறக்கநிலையில் வைக்கப்பட்ட செப்டம்பர் 2க்குள் 100 மீட்டருக்கும் மேல் கடந்தது.

தெரிந்து தெளிவோம்

26 கிலோகிராம் எடையுள்ள பிரக்யானுக்கு ஆறு சக்கரங்கள். அவை ஏறி இறங்கும் கைகளில் பொருத்தப்பட்டிருந்தமையால், ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினாலும் மற்றவை தரையைப் பற்றியிருந்தன. நிலவின் மண்ணை ஒத்த மண்ணில் ஊர்தியைச் சோதிப்பதற்கு, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் பாறைகள் பயன்பட்டன.

உரிமையும் பொறுப்பும்

தானே முடிவெடுக்காத இயந்திரம் தாழ்ந்தது எனச் சிலர் எண்ணலாம். அது பொருந்தாது. அதே திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம், இறங்கும்போது ஏறத்தாழ 19 நிமிடங்கள் தானே முடிவெடுத்தது. அங்கே மனிதர் குறுக்கிட நேரமில்லை. செவ்வாய்க்கு அனுப்பப்படும் செய்தி சென்றுசேரவே பல நிமிடங்கள் ஆவதால், அங்குள்ள பெர்சிவரன்ஸ் ஊர்தி தன் வழியைத் தானே வகுக்கிறது. பிரக்யானுக்கோ மனிதர் ஆராய்ந்து சொல்லும்வரை காத்திருக்க நேரமிருந்தது. ஆகவே, எண்ணிப்பார்க்க நேரம் உண்டா, பிழை நேர்ந்தால் இழப்பு யாருக்கு என்னும் இரண்டையும் அளந்தே இயந்திரத்திற்கு உரிமை வழங்கவேண்டும்.

இவ்வளவுகோலை நம் சாலைக்குக் கொண்டுவருவோம். நிலவில் பிழை நேர்ந்தால் ஓர் ஊர்தி கவிழும். திண்டிவனம் சாலையில் நேர்ந்தால் ஓர் உயிர் போகும். நம் சாலைகளிலோ தானியம் காயும், ஆட்டுமந்தை குறுக்கிடும், எதிர்த்திசையில் மிதிவண்டி வரும். படங்களைக்கொண்டு பயிற்றப்படும் இயந்திரம், தனக்குக் காட்டப்படாதவற்றை எதிர்கொள்ளும்போது தடுமாறும். வேற்றுநாட்டுச் சாலைகளில் கற்றதை அப்படியே இங்கு ஓடவிடுதல் அறிவுடைமை ஆகாது.

இயந்திரத்திற்கு உறக்கமோ களைப்போ இல்லை. மனிதரைவிட அது குறைவாகவே பிழை செய்யும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. எனவே, ஓட்டுநரை எச்சரிக்கவும் உரிய நேரத்தில் வேகத்தைத் தடுக்கவும் அதன் துணையை இன்றே ஏற்போம். மனிதர் இறங்கி உயிரிழக்கும் கழிவுநீர்க் குழிகளுக்கு அதனை முதலில் அனுப்புவோம். மக்கள் நடமாடும் சாலையில் முழு உரிமை வழங்குவதற்கோ, நம் மண்ணிலேயே அது தேர்வுபெறவேண்டும். பிழைக்குப் பொறுப்பேற்பவர் யாரென்பதும் சட்டத்தில் தெளிவாகவேண்டும்.

அத்தேர்வை நடத்தத் தகுதியுடையோர், இச்சாலைகளில் நாள்தோறும் நடந்து பள்ளிக்கு வரும் மாணவர்களே. எந்தத் திருப்பத்தில் ஆடுகள் வரும், எந்த மாதத்தில் நெல் காயும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அவ்வறிவோடு கணிதமும் பொறியியலும் சேரும்போது, நம் சாலைகளுக்கேற்ற இயந்திரம் உருவாகும். பள்ளத்தின் முன்னே நிற்கவும், தேவையெனில் திரும்பவும் அது அறிந்திருக்கும்.